சம்பந்தியம்மாள் கொடுத்த கையுறை

என் மகளுக்கு மாமியாராக வரவிருந்த அம்மாள் கையுறையில் விஷம் தடவி எனக்குக் கொடுத்துவிட்டார் என்று முழுதாக ஒன்றரை நாள் நம்பினேன். பச்சைக் குழந்தை நம்பவில்லை, நான் நம்பினேன். சமூக அறிவியல் ஆசிரியன். இருபத்தைந்து வருட சர்வீஸ். பாதித் தலை வழுக்கை. சர்க்கரைக்குக் காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. கிரகணத்தன்று நிலாவைப் பாம்பு விழுங்குகிறது என்று எழுதிய பிள்ளையை எழுந்து நிற்கவைத்து, "யார் சொன்னாலும் நம்பிடுவியாடா?" என்று கேட்கிற ஆள்.

இந்த மடத்தனத்தில் பிரான்சு தேசத்து ராணி ஒருவருக்கும் பங்கு உண்டு. அவர் செத்து நானூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. மறுத்துப் பேச வரமாட்டார் என்கிற தைரியத்தில்தான் அவரை வைத்து இத்தனை காலம் பிழைத்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலம் பாடமாக வரும். ஓவியம், சிற்பம், அச்சு இயந்திரம், மதச் சீர்திருத்தம். பெரம்பலூர் வெயிலில், சத்துணவு சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைகளுக்கு, மத்தியானம் முதல் பீரியடில் அதை நடத்திப் பாருங்கள். மூன்றாவது நிமிடத்தில் கடைசி பெஞ்சு சாயும். ஐந்தாவது நிமிடத்தில் நடு பெஞ்சு. நானே ஒரு தடவை கரும்பலகையில் சாய்ந்தபடி கண்ணசந்து, முதுகில் 'மறுமலர்ச்சி' என்று கண்ணாடி எழுத்தில் பதிந்து, அப்படியே ஸ்டாஃப் ரூமுக்குப் போயிருக்கிறேன். அந்த ஆபத்துக்கு உதவியவர்தான் ராணி. பாடப்புத்தகத்தில் அவர் கிடையாது. நானாகச் சேர்த்துக்கொண்டது.

இத்தாலியிலிருந்து பிரான்சுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். கணவர், அதாவது ராஜா, குதிரைமேல் ஈட்டி விளையாடும்போது கண்ணில் மரச் சிலாம்பு பாய்ந்து செத்துப்போனார். அன்று முதல் ராணி கறுப்புதான் உடுத்தினார். மூன்று மகன்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிம்மாசனத்தில் உட்கார, பின்னால் நின்று நாட்டை ஆண்டார். அவர் அலமாரியில் ரகசிய அறைகள் இருந்தன. அவற்றுக்குள் விஷக் குப்பிகள். தன் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் தாய், நம் கணக்கில் சம்பந்தியம்மாள், கல்யாண வேலையாகப் பாரிசுக்கு வந்தார். அவருக்கு வாசனை போட்ட தோல் கையுறை ஒரு ஜோடி பரிசாகப் போனது. ஆசையாகப் போட்டுக்கொண்டார். சில நாளில் செத்துப்போனார். வாசனைக்குள் இருந்தது விஷம்.

இந்த இடத்தில், பள்ளி பேண்டு செட்டுக்கு வாங்கிய வெள்ளைக் கையுறையைப் பையிலிருந்து எடுப்பேன். ஒவ்வொரு விரலாக மாட்டுவேன். மோந்து பார்ப்பேன். கண் செருகி, நாக்கு தொங்கி, மேஜைமேல் விழுவேன். வகுப்பு துள்ளி எழுந்து கைதட்டும். பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்து, "சார் இன்னிக்கும் செத்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுப் போவார். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கையுறை சார். அதில் எனக்குப் பெருமைதான்.

போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை, சென்னையில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்கு வந்து, பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்டுக்கொண்டே, தன்னோடு ஆபீசில் இருக்கும் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். பையனுக்கு ஆண்டிமடம். அப்பா இல்லை. அம்மா முந்திரி உடைக்கும் கொட்டகை வைத்து நடத்துகிறார்.

என் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள். "சாப்பாட்டுல குறை சொல்லுவானா?"

"மாட்டான்மா."

"அப்ப போய்ப் பாத்துட்டு வருவோம்."

எனக்குக் கேட்க எதுவும் மிச்சம் வைக்கவில்லை. தகப்பன் என்கிற மரியாதைக்காக, "முதல்ல விசாரிக்கணும்" என்றேன்.

விசாரிப்பது என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. யாரிடமும் சொல்லாமல் அந்த ஊருக்குப் போக வேண்டும். டீக்கடையில் உட்கார வேண்டும். வேறு வேலையாக வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இந்தக் குடும்பம் எப்படி என்று பேச்சோடு பேச்சாகக் கேட்க வேண்டும். எதற்கு வந்திருக்கிறான் என்பது அந்தக் கடையில் ஈயிலிருந்து எல்லோருக்கும் தெரியும். அவர்களும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். இந்த வேலைக்கு என் மச்சினனை அனுப்பினேன். மனைவியின் தம்பி, அரியலூரில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். ஒன்றைக் கேட்டால் ஒன்பதாகக் கொண்டுவருவான்.

சாயங்காலம் பைக்கை நிறுத்தும்போதே அவன் முகம் சரியில்லை.

"மாமா, இந்தச் சம்மந்தம் நமக்கு வேணாம்."

"என்ன மாப்ள?"

"அந்தம்மா மருந்து வைக்கிறவங்களாம்."

சாப்பாட்டில் எதையோ கலந்து கொடுத்து ஆளை மயக்குவது, மெலிய வைப்பது, தேவைப்பட்டால் ஒரேயடியாக அனுப்பிவைப்பது, இதற்கெல்லாம் சேர்த்து எங்கள் ஊரில் மருந்து வைப்பது என்று பெயர். நல்ல பசியோடு இருந்த ஆள் திடீரென்று சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தால் முதலில் எழும் சந்தேகம் அதுதான். வைத்த மருந்தை வயிற்றிலிருந்து எடுத்துத் தர ஆட்களும் இருக்கிறார்கள். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று வகுப்பில் நான் தனியாக ஒரு பீரியடே எடுப்பேன்.

"வூட்டுக்காரரு நல்ல வயசுல போயிட்டாரு மாமா. ரெண்டு வருஷத்துல மாமனாரும் போயிட்டாரு. கொழுந்தன் ஒருத்தன் இருந்தான், அவன் ஊரை வுட்டே ஓடிட்டான். இப்பத் தோப்பு, கொட்டகை எல்லாம் அந்தம்மா கையில. பண்ருட்டிப் பக்கத்துலேருந்து வந்தவங்க. வந்தவங்க வாழுறாங்க, இருந்தவங்க இல்ல."

"இதெல்லாம் யாரு சொன்னா?"

"டீக்கடையில சொன்னாங்க."

"எல்லாருமா?"

"கடைக்காரரு சொன்னாரு. மத்தவங்க தலையாட்டுனாங்க."

உள்ளேயிருந்து மனைவி வந்தாள். "ஏன்டா, உங்க மாமாவுக்கு இனிமே புதுசா ஒருத்தி மருந்து வைக்கணுமா? கல்யாணமான மறுநாள் நான் வச்ச ரசத்துல அடங்குனவரு, இன்னும் எழுந்திரிக்கல." மச்சினன் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். ஆனால் வெளியூரிலிருந்து வந்த மருமகள், விதவை, வரிசையாகச் சாவு, கைக்கு வந்த ஆட்சி என்று உள்ளே ஒரு பல்லி கத்திக்கொண்டே இருந்தது. இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே! எங்கே கேட்டோம், நாம்தான் வருடா வருடம் நடத்துகிறோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை மகளைச் சென்னை பஸ் ஏற்றிவிட்டு, மச்சினனின் நண்பனுடைய காரில் மூன்று பேரும் கிளம்பினோம். அரியலூர் தாண்டும்வரை சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் தூசி தின்றபடி ஊர்ந்தோம். ஜெயங்கொண்டத்தில் பழம், பூ வாங்கும்போது மச்சினன் என் காதில் சொன்னான்: "எது குடுத்தாலும் முதல்ல அவங்க வாயில போடட்டும் மாமா. அப்புறம் நாம."

வீட்டின் முன்னால் பெரிய களம். களம் முழுக்கத் தோலோடு முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த முந்திரி பாயசத்தில் மிதப்பது. பெரம்பலூர்க்காரனுக்குச் சோளம் தெரியும், பருத்தி தெரியும், சின்ன வெங்காயத்தை மோந்தே எந்தக் காட்டுது என்று சொல்லிவிடுவான். முந்திரியை உடுப்போடு நான் பார்த்தது அன்றுதான். மனைவி உள்ளே போய்விட்டாள், மச்சினன் கார் நிறுத்த நிழல் தேடிப் போய்விட்டான், நான் மட்டும் களத்தின் ஓரத்தில் நின்றேன். அங்கே ஒரு சில்லறைக் காரியம் செய்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். அப்போது அது சொல்லும்படியான விஷயமாகவே எனக்குப் படவில்லை.

அந்த அம்மாள் வந்தார். உயரம். அதிகம் பேசாத முகம். கையில் ஆம்பிளை வாட்ச். கட்டியிருந்தது கறுப்புச் சேலை. நான் மச்சினனைப் பார்த்தேன். மச்சினன் என்னைப் பார்த்தான்.

உட்காரச் சொன்ன கூடத்தில் ஒரு மர அலமாரி. அலமாரி முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், முப்பதாவது இருக்கும். எனக்கு வியர்த்தது. தட்டில் மிளகுத்தூள் தூவி வறுத்த முந்திரி வந்தது. மச்சினன் கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க எடுத்துக்குங்க முதல்ல" என்றான்.

"நான் சாப்புடுறதில்லைங்க. தெனம் இதுலயே கெடக்குறோமா, வாயில வைக்கத் தோணாது."

மச்சினன் என் முழங்காலை அழுத்தினான். என் மனைவி அதற்குள் இரண்டாவது கைப்பிடிக்குப் போயிருந்தாள். அவள் சாவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். சாகவில்லை. நானும் நாலு எடுத்து வாயில் போட்டேன். உதடு லேசாகக் காந்தியது. மிளகு நல்ல காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சு நன்றாகவே போனது. பையன் நல்ல பையன், வெட்கப்பட்டான். வெள்ளிக்கிழமை அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டுப் போவது என்று முடிவானது. புறப்படும் முன் கொட்டகையைக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் கையில் எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு, காலால் மிதித்து வெட்டும் மெஷினில் கொட்டையைப் பிளந்துகொண்டிருந்தார்கள். எனக்கு எங்கே போனாலும் கையை வைத்துப் பார்க்க வேண்டும். நானும் ஒன்று உடைக்கிறேன் என்றேன்.

"வெறுங்கையோட வேணாம் சார். இருங்க." கூடத்துக்குப் போனார். மூன்றாவது வரிசையில் ஓர் இழுப்பறையைத் திறந்தார். திரும்பி வந்தபோது கையில் ஒரு ஜோடி கையுறை.

அந்த நேரத்தில் எனக்கு ஓடிப்போகத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் பின்னால் பன்னிரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டிக்கொண்டேன். மூன்று கொட்டை உடைத்தேன். மூன்றும் தூள். ஓர் அம்மாள், "சாரை வச்சு உடைச்சா நமக்கு முந்திரி மாவுதான் கெடைக்கும்" என்றார். கொட்டகையே சிரித்தது.

மறுநாள் திங்கட்கிழமை காலை கண்ணாடியில் என் உதட்டைப் பார்த்தேன். அது என் உதடு இல்லை. யாரோ ஒரு பெரிய மனுஷனுடைய உதட்டை இரவல் வாங்கி ஒட்டியது போலிருந்தது. வலது கையில் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் கறுத்துக் கொப்புளித்திருந்தன. பனியனைக் கழற்றினால் இடது மார்பில், நேராக இதயத்தின் மேல், உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த படை. விஷம் கையில் ஏறி, இதயத்தில் இறங்கி, உதடு வழியாக வெளியே வருகிறது என்று உடற்கூறியல் முழுவதையும் ஒரு நிமிடத்தில் புதிதாக எழுதிவிட்டேன்.

மனைவி, "எதையாவது கண்டதைத் தொட்டிருப்பீங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள். "கையுறை" என்று சொல்ல முயன்றேன். அந்த உதட்டோடு அது "ஐயுஐ" என்று வந்தது. "ஐயையோன்னு கத்தாதீங்க, லீவு சொல்லிட்டுப் படுங்க" என்று அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

மச்சினனுக்கு போன் செய்தேன். முக்கால் மணி நேரத்தில் வந்து நின்றான். என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் தெரிந்தது துக்கம் இல்லை. தான் சொன்னது பலித்துவிட்ட நிம்மதி. பைக்கில் உட்காரவைத்து, சிறுவாச்சூர் தாண்டி உள்ளே பிரியும் ஒரு மண் ரோட்டில் கூட்டிப்போனான். கோயிலைக் கடக்கும்போது காளியை நோக்கி இரண்டு கையையும் தூக்கினேன். பைக் ஆடியது. "மருந்துல சாகுறதுக்கு முன்னாடி ரோட்டுல சாவணுமா மாமா?" என்றான்.

மருந்து எடுப்பவர் தென்னைமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்னால் நாலு பேர். நாலு பேரும் வாந்தி எடுத்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார்கள். என் முறை வந்தது.

"பொம்பளை கையால என்ன சாப்புட்டீங்க?"

மச்சினன் சொன்னான்: "முந்திரிங்க. ஆனா அதுல இல்ல. அக்காவும்தான் தின்னுச்சு, அது நல்லாத்தான் இருக்கு. கையுறையில வச்சுக் குடுத்துட்டாங்க."

"கையுறையைத் தின்னாரா?"

"இல்லைங்க. போட்டுக்கிட்டாரு."

அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "சார், வயித்துக்குள்ள போனாத்தான் நான் எடுக்க முடியும். கையில போட்டது நம்ம லைன் இல்லைங்க. இது ஏதோ பட்டு வெந்த மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

மூடநம்பிக்கை என்று நான் பாடம் நடத்திய ஆசாமி, என் நம்பிக்கை அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று என்னைத் திருப்பி அனுப்பினார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பயந்த மனுஷனுக்கு மூளையில் ஒரு ஜன்னல்தான் திறந்திருக்கும். அதன் வழியாக ராணி மட்டும் தெரிந்தார்.

அன்று சாயங்காலம் மகளுக்கு போன் போட்டேன். உதடு கொஞ்சம் வடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை வேண்டாம், தள்ளிப் போடலாம், முடிந்தால் விட்டுவிடலாம் என்றேன். காரணம் கேட்டாள். சொன்னேன். அவள் சிரிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்பா, ஒன்பதாவதுல உங்க க்ளாஸ்ல நானும் உக்காந்திருந்தேன்."

"தெரியும்மா."

"காலேஜ் லைப்ரரியில ஒருநாள் அந்த ராணியைப் பத்திப் படிச்சேன். அந்த சம்மந்தியம்மா செத்தப்புறம் டாக்டருங்க உடம்பை அறுத்துப் பாத்திருக்காங்க. நுரையீரல் கெட்டுப் போயிருந்திச்சாம். ரொம்ப நாளா சீக்காம். கையுறை எல்லாம் பின்னாடி கட்டிவுட்டதாம். அது உங்களுக்குத் தெரியாதாப்பா?"

இருபத்தைந்து வருடத்தில் எந்த இன்ஸ்பெக்ஷனிலும் என்னை இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"தெரியும்" என்றேன்.

தெரியும்தான். நான் கையுறையை எடுத்த அதே புத்தகத்தில், இரண்டு பக்கம் தள்ளி அது இருந்தது. பத்து வருடம் முன்பே படித்துவிட்டேன். ஆனால் நுரையீரல் சீக்கில் செத்தார் என்றால் எந்தப் பிள்ளை விழித்திருக்கும்? இருமிக்கொண்டே மேஜைமேல் விழுந்தால் யார் கைதட்டுவார்கள்?

"அன்னிக்கே கேட்டிருப்பேன். நீங்க வருத்தப்படுவீங்கன்னு வுட்டுட்டேன்" என்றாள். "அத்தைகிட்ட, அப்பாவுக்கு உதடு வீங்கி, கை கொப்புளிச்சிருக்குன்னு மட்டும் சொல்லிடறேன். காரணம் சொல்ல எனக்கு வாய் வராது. வெள்ளிக்கிழமை வேணுமா வேணாமான்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்கப்பா." குரல் உடையவில்லை. உடையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், அதுதான் கேட்டது.

போனை வைத்தபின் ராணியைப் பற்றி யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், முதல் தடவையாக, மேஜைமேல் விழாமல். பிறந்த சில வாரத்தில் அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். பதினாலு வயதில் பாஷை சரியாக வராத ஊருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அரண்மனையில் அவரை மறைவில் கூப்பிட்டது கடைக்காரன் மகள் என்று. கணவருக்கு அம்மா வயதில் இன்னொருத்தி, ஊரறிந்த விஷயம். பத்து வருடம் பிள்ளையில்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அப்புறம் பத்துப் பிள்ளை. அலமாரியின் ரகசிய அறைகளில் இருந்தது கடிதமும் நகையும் அபூர்வப் பொருளும்தானாம். கறுப்பு உடுத்தியது கணவருக்கான துக்கம். இதையெல்லாம் விஷமாக்கி எழுதியவர்கள் அவருக்கு ஆகாத கட்சிக்காரர்கள். பிரான்சிலும் யாரோ டீக்கடையில் போய்த்தான் விசாரித்திருக்கிறார்கள். கடைக்காரர் சொல்லியிருக்கிறார், மற்றவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள், நானூறு வருடம் கழித்து நான் பெரம்பலூரில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன்.

இவ்வளவு யோசித்தேனே, என் கை வெந்ததற்கு வேறு காரணம் இருக்கலாம் என்று தோன்றியதா? இல்லை. ராணி நிரபராதி, ஆண்டிமடத்து அம்மாள்மேல் மட்டும் சந்தேகம் அப்படியே நின்றது. செத்தவருக்கு நியாயம் வழங்குவது சுலபம், படை அரிக்காது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த அம்மாளே வந்துவிட்டார். இரண்டு பஸ் மாறி, தனியாக, அதே கறுப்புச் சேலையில், கையில் ஒரு மஞ்சப்பையோடு. எனக்குத் துணைக்குத் தங்கியிருந்த மச்சினன் கதவைத் திறந்துவிட்டு இரண்டடி பின்வாங்கினான். நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன். மனைவி அன்று சீக்கிரம் வந்திருந்தாள். அவள்தான் "வாங்க சம்மந்தி" என்றாள்.

அவர் உட்காரக்கூட இல்லை. என் முகத்தைக் குனிந்து பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன்.

"எத்தனை கொட்டை கடிச்சீங்க?"

நான் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"என்னது?" என்றாள் மனைவி.

"பச்சைக் கொட்டையைப் பல்லால கடிச்சிருக்காரு. தோலுக்குள்ள எண்ணெய் இருக்கும், பட்டா வெந்துடும். எங்க ஊருல நடக்கப் பழகுன புள்ளை கூட அதை வாயில வைக்காது." என்னிடம் திரும்பினார். "சொல்லுங்க சார். ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு" என்றேன்.

"நெஞ்சுலயும் இருக்குதுங்க" என்றான் மச்சினன், இன்னும் ஒரு கடைசி நம்பிக்கையோடு. "இதயத்து மேல!"

மனைவி எழுந்து போனாள். துவைக்கப் போட்ட துணிக்கூடையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு வந்தாள். பையைக் கவிழ்த்தாள். இரண்டு முந்திரிக்கொட்டை தரையில் உருண்டன. பையின் துணியில் பழுப்பாகக் கறை, என் மார்பில் இருந்த அதே அளவில்.

"திருடுனீங்களா?" என்றாள் மனைவி.

"ஞாபகார்த்தமா எடுத்தேன்."

"சம்மந்தம் பேசப் போன வூட்டுல!"

அந்த அம்மாள் அப்போதுதான் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டே சிரித்தார். அதிகம் பேசாத முகம் என்று நான் முடிவு கட்டிய முகம் அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மஞ்சப்பையிலிருந்து தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். "ரெண்டு வேளை தடவுங்க. தோலு உரிஞ்சு புதுசா வரும். டாக்டரையும் ஒரு தடவை பாத்துடுங்க, சுகர் உள்ளவரு."

போகும் முன் மச்சினனைப் பார்த்துச் சொன்னார்: "தம்பிதான அன்னிக்கு டீக்கடையில வந்து விசாரிச்சது? அன்னிக்கு மத்தியானமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. கடைக்காரரு என்ன சொல்லியிருப்பாருன்னும் தெரியும். வேலைக்கு வர்ற பொம்பளைங்களுக்குக் கொட்டகையிலயே டீ போட ஆரம்பிச்சேன், அதுலேருந்து அவருக்கு எம்மேல கோவம். வூட்டுக்காரருக்குக் குடி தம்பி. ஈரல் போயிடுச்சு. மாமனாருக்கு எண்பத்து நாலு வயசு. கொழுந்தன் ஓடல, திருப்பூர்ல இருக்கான், வெள்ளிக்கிழமை அவனும்தான் வரான்." மஞ்சப்பையை மடித்து இடுக்கிக்கொண்டார். "வரலாமில்ல?"

கேள்வி மச்சினனுக்கு இல்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். சிரிப்பெல்லாம் போயிருந்தது. இரண்டு பஸ் மாறி வந்தது எண்ணெய் கொடுக்க மட்டும் இல்லை என்று அப்போது புரிந்தது.

"வாங்க சம்மந்தி" என்றேன். உதடு இழுத்தது. அப்புறம், கேட்காமல் இருக்க முடியாமல், "அந்தக் கறுப்புச் சேலை?" என்றேன்.

"கொட்டை எண்ணெய் பட்டா எந்தச் சேலையிலயும் கறை போகாதுங்க. கறுப்புல தெரியாது. எங்கிட்ட இது மாதிரி ஏழு இருக்கு."

வெள்ளிக்கிழமை வந்தார்கள், பூ வைத்தார்கள். மச்சினன் வாசலில் நின்று எல்லோருக்கும் சந்தனம் நீட்டினான். அந்த அம்மாள் பட்டுச்சேலையில் வந்தார், அரக்குக் கலர். தட்டில் முந்திரி இருந்தது. என் தட்டில் மட்டும் வைக்கவில்லை.

ஜூனில் புது ஒன்பதாம் வகுப்பு. மறுமலர்ச்சிக் காலம். மத்தியானம் முதல் பீரியட். கையுறையை மாட்டினேன், மோந்தேன், விழுந்தேன். கைதட்டல் முடிந்தபின் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இது பொய்" என்றேன். பிறகு மீதியைச் சொன்னேன். ராணியின் மகள் கல்யாணத்துக்கு வந்த எதிர்ப்பிரிவுக் கிறிஸ்தவ விருந்தாளிகள் அதே வாரத்தில் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டதையும் சொன்னேன். அதில் ராணிக்குப் பங்கு உண்டு, எவ்வளவு என்பதில்தான் சண்டை. அந்த ரத்தத்தை எந்தத் தேங்காயெண்ணெயாலும் எடுக்க முடியாது.

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அப்ப அவங்க நல்லவங்களா சார்?"

"இல்லை."

"கெட்டவங்களா?"

"கையுறை விஷயத்துல இல்லை."

கடைசி பெஞ்சில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். விட்டுவிட்டேன்.

இனி அந்தச் சில்லறைக் காரியம். அன்று களத்தில் யாரும் இல்லாதபோது மூன்று கொட்டை எடுத்தேன். ஒன்றைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தேன். உடையவில்லை, கசந்தது, துப்பிவிட்டேன். இரண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். விரலில் பட்ட பிசுக்கை வேட்டியில் துடைத்தேன். அதற்கு அரை மணி நேரம் கழித்துத்தான் அந்த அம்மாள் எனக்குக் கையுறை கொடுத்தார். அது புதிது.